தெருக்குத்து வீடும் டைம்கீப்பர் பிள்ளையாரும்

1

போன வருடம் ஆவணி மாதம், ஒரே வாரத்தில் இரண்டு பிள்ளையார்களை எடுத்துவிடச் சொல்லி எனக்கு உத்தரவு வந்தது. ஒருவர் அமெரிக்காவில், சார்லட் நகரத்துப் புறநகரில், என் வீட்டு வாசலில் உட்கார்ந்திருப்பவர். மற்றவர் ராஜபாளையத்தில் என் அப்பா கட்டிய வீட்டின் சுற்றுச்சுவர் மாடத்தில் உட்கார்ந்திருப்பவர். இந்தியக் கடைக்குப் போய்க் கொழுக்கட்டை மாவு வாங்கி வந்த கையோடு தபால் பெட்டியைத் திறந்தேன். முதல் உத்தரவு அதில் இருந்தது.

இங்கே சொந்த வீடு என்பதெல்லாம் பேச்சுக்குத்தான். காலனிக்குக் காலனி குடியிருப்போர் சங்கம் உண்டு. புல் எவ்வளவு வளரலாம், கதவுக்கு என்ன வண்ணம் அடிக்கலாம், குப்பைத் தொட்டியை எப்போது உள்ளே இழுக்க வேண்டும் என்று சகலத்துக்கும் சட்டம் வைத்திருப்பார்கள். சந்தாவும் கட்டி, திட்டும் வாங்கிக்கொள்ள வேண்டும். "தங்கள் வீட்டு முகப்பில், சாலையிலிருந்து தெரியும்படி, அனுமதி பெறாத அலங்காரப் பொருள் ஒன்று உள்ளது, அகற்றவும்" என்று எழுதியிருந்தார்கள்.

அலங்காரப் பொருளாம்! எனக்கு உச்சி மண்டை கொதித்தது. பக்கத்து வீட்டு டாரதி அம்மாள் தன் வாசலில் ஒரு சிமெண்டு வாத்தை வைத்து, மழைக்காலத்தில் மழைக்கோட்டு, கிறிஸ்துமஸுக்குச் சிவப்புத் தொப்பி என்று அதற்கு உடுப்பு மாற்றிக்கொண்டிருக்கிறார். அந்த வாத்து இருக்கலாம், என் பிள்ளையார் இருக்கக் கூடாதா?

"பின்பக்கம் வெச்சிடும்மா. அவர் கோவிச்சுக்க மாட்டார்" என்றாள் மகள் மதி. கல்லூரியில் படிக்கிறாள். இங்கேயே பிறந்தவள். எந்தச் சிக்கலுக்கும் அவளிடம் ஒரு வரியில் பதில் இருக்கும்.

"பின்பக்கம் வைக்கிறதுக்கா ஊர்ல இருந்து தூக்கிட்டு வந்தேன்? தெருவைப் பாக்கத்தானடி அவர வச்சதே."

"தெருவை ஏன் பாக்கணும்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் மாடிக்குப் போய்விட்டாள். அவளுக்குச் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன்.

2

நான் வீட்டுத் தரகர். இங்கே அதற்குப் பரீட்சை எழுதி உரிமம் வாங்க வேண்டும். விற்கிற வீட்டின் புல்தரையில் நம் படத்தையும் பெயரையும் போட்டுப் பலகை நடுவார்கள். என்ன சொன்னாலும் ஊரில் என் சித்திக்கு மட்டும் மனம் ஆறவில்லை. "இஞ்சினியருக்குப் படிக்க வச்ச பிள்ள, அங்க போயி புரோக்கராயிட்டாளே" என்று இன்றைக்கும் கல்யாண வீடுகளில் பொருமிக்கொண்டிருக்கிறாள்.

இந்தத் தெற்கத்தி நகரம் வளர்கிற வேகத்தைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. நாங்கள் வந்தபோது பைன் மரக் காடாக இருந்த இடமெல்லாம் இன்றைக்குக் காலனி. குளிரும் வரியும் தாங்காமல் வடக்கிலிருந்து ஜனங்கள் இறங்கி வருகிறார்கள். வங்கிகள் வந்தன, பின்னாலேயே நம் பிள்ளைகளும் கம்ப்யூட்டரோடு வந்தார்கள். கொரோனா சமயத்தில் வட்டி தரையில் கிடந்தது. ஒரு வீட்டுக்குப் பலகை நட்டால் சாயங்காலத்துக்குள் வரிசை நிற்கும். உள்ளே போய்ப் பார்க்காமலே, கேட்ட விலைக்கு மேல் தருகிறேன் என்று அடித்துக்கொண்டார்கள். பிறகு வட்டி ஏறியது. பழைய வட்டியில் வாங்கியவர்கள் எவரும் இப்போது வீட்டை விட்டு நகர்வதாக இல்லை. வாங்க ஆள் இருக்கிறது, வாங்கும் விலையில் வீடு இல்லை. போதாததற்கு, பெரிய பெரிய கம்பெனிகள் வீடுகளை வாங்கி வாடகைக்கு விடுகின்றன. "உங்கள் வீட்டை ரொக்கத்துக்கு வாங்கிக்கொள்கிறேன்" என்று முன்பின் தெரியாதவர்கள் எனக்கே செய்தி அனுப்புகிறார்கள். தரகர் வீட்டுக்கே தரகு!

விலை இறங்குமா என்று கேட்காத ஆள் கிடையாது. ஏறும் வேகம் குறையும், இறங்கும் என்று காத்திருக்காதீர்கள் என்பேன். குடியிருக்க வாங்கினால் வாங்குங்கள், ஏற்றி விற்க வாங்கினால் என்னிடம் வராதீர்கள் என்றும் சொல்வேன். இதனால் இரண்டு மூன்று பேர் என்னிடம் வராமலே போய்விட்டார்கள். போகட்டும்.

நம் ஆட்கள் வீடு பார்க்க வருவது தனி அழகு. அலுவலகத்தில் அவ்வளவு பெரிய கணக்கைப் போடுகிற பிள்ளை, வீட்டு வாசலில் போனில் திசைகாட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வருவான். வாசல் கிழக்கா? அடுப்படி எந்த மூலை? எல்லாம் சரியாக வந்தால் கடைசியில் ஊரிலிருந்து மாமியார் வீடியோவில் வருவார். "தெருக்குத்து இல்லையே?" என்பார். நீளத் தெரு நேரே வந்து வாசலில் முட்டினால் போச்சு, அடுத்த வீட்டைப் பார்க்க வேண்டியதுதான்.

அப்படி எல்லோரும் தள்ளிவிட்ட ஒரு வீடு விலை குறைந்து குறைந்து வந்தபோதுதான் நாங்கள் வாங்கினோம். என் வீட்டுக்காரர் தயங்கினார். "தெரிஞ்சே தெருக்குத்து வீட்ட வாங்குவாளா ஒருத்தி?" என்றார். நான் பிறந்ததே அப்படி ஒரு வீட்டில்தான் என்றேன். அடுத்த முறை ஊருக்குப் போனபோது, தெருக்குத்துக்குப் பரிகாரமாக வாசலில் வைக்க, ஒரு சிறிய கல் பிள்ளையாரைச் சேலைக்குள் சுற்றிப் பெட்டியில் வைத்து எடுத்து வந்தேன். விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, அங்கிருந்த அதிகாரி மிகுந்த மரியாதையுடன் மூடிக் கொடுத்தார்.

3

அப்பா நூல் மில்லில் டைம்கீப்பர். ஷிப்டுக்கு வருகிறவர்களின் நேரத்தைக் குறிக்கிற வேலை. அவருக்கு வேலுச்சாமி என்று பெயர் இருந்தது வீட்டுக்குள் மட்டும்தான் தெரியும். தெருவில், மார்க்கெட்டில், கல்யாணப் பத்திரிகையில்கூட 'டைம்கீப்பர்' என்றுதான் இருக்கும்.

அந்த மனையை விற்க முடியாமல் ஒருவர் தவித்துக்கொண்டிருந்தாராம். தெரு நேரே வந்து முட்டுகிற இடம். பார்க்க வந்தவர்கள் எல்லாம் முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார்கள். அப்பாவின் சம்பளத்துக்கு அதுதான் எட்டியது. சொந்தக்காரர்கள் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். 'டைம்கீப்பருக்கு நேரம் சரியில்ல' என்று கேலி வேறு. அப்பா அசரவில்லை. "தெரு வந்து முட்டுதுன்னு ஏன் சொல்லுத? ஊருல அவனவன் தெருவுக்குப் போகணும், நம்ம வீட்டுக்குத் தெருவே தேடி வருதுன்னு வச்சுக்கோ" என்று அம்மாவைச் சமாதானம் செய்தாராம். அம்மா சமாதானம் ஆகவில்லை. பிள்ளையாரை வைத்த பிறகுதான் பால் காய்ச்சச் சம்மதித்தாள்.

சுற்றுச்சுவரின் நடுவில், தெருவுக்கு நேரே, ஒரு மாடம். அதில் கறுத்த சிறிய பிள்ளையார். முதலில் எங்கள் வீட்டுப் பிள்ளையாராகத்தான் இருந்தார். ஒரு நாள் பஞ்சு ஏற்றி வந்த லாரி ஒன்று, பிரேக் பிடிக்காமல், தெரு நெடுக ஆட்களைக் கத்த விட்டுக்கொண்டு நேரே எங்கள் வீட்டைப் பார்த்து வந்தது. சுவரை ஒட்டிக் கொட்டியிருந்த மணலில் சக்கரம் புதைந்து, பிள்ளையாருக்கு முன்னால் நின்றது. மணல்தான் நிறுத்தியது என்று அப்பா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். யார் கேட்டார்கள்? அன்று சாயங்காலமே தெருவில் பாதிப் பேர் எண்ணெயோடு வந்துவிட்டார்கள்.

அதன் பிறகு அவர் டைம்கீப்பர் பிள்ளையார். பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் தோப்புக்கரணம் போட்டுவிட்டுப் போவார்கள். ஷிப்டு முடிந்து சைக்கிளில் வருகிறவர்கள் ஒரு காலைத் தரையில் ஊன்றி, நெற்றியில் குட்டிக்கொண்டு திரும்புவார்கள். எங்கள் ஜன்னலில் உட்கார்ந்தால் தெரு முழுவதும் தெரியும். யார் வீட்டுக்கு விருந்தாளி வருகிறார்கள், யார் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போகிறாள், எல்லாம் எங்களுக்கு முன்கூட்டியே தெரியும். மேற்கே மலையில் மழை இறங்கினால் அய்யனார் கோவில் பக்கத்துக் காற்று தெருமுனையில் நுழைந்து வேறு எங்கும் நிற்காமல் நேரே எங்கள் வீட்டுக்குள் வரும். அந்தக் காற்றுக்கு நான் இன்றைக்கும் ஏங்குகிறேன். ஏ.சி. காற்றில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

4

இரண்டாவது உத்தரவு தம்பி குமாரிடமிருந்து வந்தது. அவனுக்குச் செட்டியார்பட்டியில் தறிப் பட்டறை. அவன் மனைவிக்குக் கிருஷ்ணன்கோவில் கல்லூரியில் அலுவலக வேலை. அம்மாவும் போன பிறகு அப்பா வீட்டில் குடியிருப்பது அவன் குடும்பம்தான். வீடு எங்கள் இருவர் பெயரிலும் இருக்கிறது. எனக்குக் காலை காப்பி நேரம், அவனுக்குச் சாயங்காலம். வீடியோவில் வந்தான்.

"அக்கா, வீட்ட ஒரு புரோமோட்டர் கேக்காரு. அடுக்குமாடி கட்டப் போறாராம். நல்ல வெல."

"நம்ம தெருவுலயா? ராஜபாளையத்துல எவன்ல மாடிமேல மாடி ஏறிக் குடியிருப்பான்?"

"எந்தக் காலத்துல இருக்க நீ? லிப்டு வச்சுக் கட்டுதாங்க. சென்னைல இருந்து ரிட்டையராகி வாரவிய பூராம் பிளாட்டுதான் கேக்காக. ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டுல மனை வெலயெல்லாம் ஒனக்குத் தெரியுமா?"

தெரியும். ஊருக்குப் போகும்போதெல்லாம் பார்க்கிறேனே. என் வீட்டுக்காரர் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். எங்கள் கல்யாணத்தின்போது இரண்டு ஊருக்கும் நடுவில் வயலும் தோப்புமாக இருந்தது. பெண் அழைத்துப் போன வேனில் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதுகொண்டே நான் பார்த்தது மாந்தோப்புகளைத்தான். இப்போது வழி நெடுக வண்ணம் அடித்த கல் நட்டு, வளைவு கட்டி, 'நகர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். "ஒங்க ஊரும் எங்க ஊரும் ஒட்டிக்கிட்டே வருது. இன்னும் கொஞ்ச நாள்ல நீ பெறந்த வீட்டுலதான் வாழ்க்கப்பட்டிருக்கன்னு ஆயிரும்" என்று இவர் கேலி செய்வார். சார்லட்டில் பைன் காடு போனது போலவே எங்கள் மாந்தோப்பும் போய்க்கொண்டிருக்கிறது. இங்கே போனபோது எனக்குப் பிழைப்பு, அங்கே போகும்போது எனக்கு வயிற்றெரிச்சல். என் நியாயம் இவ்வளவுதான்.

"விக்க வேண்டாம்லே" என்றேன் குமாரிடம்.

அவன் முகம் சுருங்கிவிட்டது. "நீ சொல்லிருவ. மழ பெஞ்சா எத்தன எடத்துல சட்டி வைக்கம்னு வந்து பாரு. உத்தரத்த கரையான் அரிச்சுப் போச்சு. நீ ஒன் வீட்டுல சொகமா இருக்க. எம்புள்ளைக மேல ஓடு விழுந்தாத்தான் விடுவியா?"

எனக்குச் சுருக்கென்றது. அவன் கேட்டதில் தவறு ஒன்றும் இல்லை. வீட்டை விற்கும்போது கண் கலங்குகிறவர்களிடம், "வீடு உங்களை நினைச்சுக்கிட்டு இருக்காது, நீங்க கிளம்புங்க" என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்! என் முறை வந்ததும் விற்க வேண்டாம் என்கிறேன்.

"சரி, வித்துருவோம்" என்றேன்.

அவன் உடனே போனை வைக்கவில்லை. "இன்னொண்ணு இருக்குக்கா. செவுத்த இடிச்சு, நடுவுல கேட்டு வைக்கணுமாம். பிள்ளையார எடுத்துக் குடுத்தாத்தான் வாங்குவேங்காரு."

வீடு போகட்டும், அதற்கு நான் தலையாட்டிவிட்டேன். பிள்ளையாரும் போனால் அந்த ஊரில் அப்பா இருந்ததற்கு என்ன மிச்சம்? பிள்ளையாருக்காக முரண்டு பிடித்தால் தம்பி பிள்ளைகள் ஒழுகுகிற கூரைக்குக் கீழே கிடக்க வேண்டும். அந்த வாரம் முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

5

தெருவில் செய்தி பரவ எவ்வளவு நேரம் ஆகும்? எதிர்வீட்டு ராமுலக்கா குமாரின் போனைப் பிடுங்கிக்கொண்டு வீடியோவில் வந்துவிட்டார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். கோபம் ஏறினால் பாதியில் தெலுங்குக்குத் தாவிவிடுவார். அன்றைக்குத் தாவவில்லை, எனக்கு ஒரு வார்த்தையும் தவறிவிடக் கூடாது என்று நினைத்திருப்பார் போல.

"ஏட்டி செல்வி! நல்லாருக்கியா? ஒன் வீடு, நீ வித்துக்கோ. பிள்ளையார விக்க நீ யாரு?"

"எங்கப்பா வச்ச பிள்ளையாருக்கா."

"வச்சாரு, இல்லேங்கல. அவிய போன பொறவு எண்ண ஊத்துனது யாரு? கோலம் போட்டது யாரு? நீயா அமெரிக்காவுல இருந்து வந்து போட்ட? அவரு இந்தத் தெருவு ஆளு. எவனாச்சும் கடப்பாறையத் தூக்கிட்டு வரட்டும், நான் பாத்துக்கிடுதேன்."

அவருக்குப் பின்னால் தெருப் பெண்கள் நாலைந்து பேர் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு முதலில் கோபம் வந்தது. போனை வைத்த பிறகு சந்தோஷம் வந்தது. உரிமை கொண்டாட இத்தனை பேர் இருக்கிறார்களே!

மறுநாள் குமாரிடம் புரோமோட்டரைப் பேசச் சொன்னேன். மதுரைப் பக்கத்துக்காரர், இளவயது, தன்மையாகப் பேசினார்.

"மேடம், அது கோவில் இல்லையே. உங்க காம்பவுண்டு சுவருதானே? நல்ல கோவிலாப் பாத்து மரியாதையா வச்சிருவோம். எனக்கு ரோட்டுக்கு நேரா கேட்டு வேணும், அப்பத்தான் கார் திரும்பும்."

"தம்பி, நானும் இதே தொழில்தான். ஒண்ணு கேக்கேன். பிளாட்டு பாக்க வாரவங்க கேக்குற மொத கேள்வி என்ன?"

"வெலதான் மேடம்."

"அது ரெண்டாவது. கேட்டுல நின்னு திரும்பிப் பாப்பாங்க. தெரு நேரா வந்து முட்டும். தெருக்குத்தான்னு கேப்பாங்க. அமெரிக்காவுல ஐ.டி. பையன் கேக்கான், ராஜபாளையத்துல கேக்க மாட்டாகளா? பிள்ளையாரு இருந்தா அவரக் கைகாட்டலாம். அவர எடுத்துட்டு யாரக் காட்டுவீங்க?"

புரோமோட்டர் வரைபடத்தில் காரைத் திருப்பிப் பார்த்திருக்கிறார், அதற்குள் ஒரு மாமியாரைக் கூட்டி வந்து நிறுத்திப் பார்க்கவில்லை.

"எங்கம்மாகூட இதக் கேட்டாங்க மேடம்" என்றார் மெதுவாக. "நான்தான் சும்மா இருங்கன்னேன்."

கேட்டை ஓரமாகத் தள்ளி, வண்டி வளைந்து நுழையும்படி வரைபடத்தை மாற்றினார்கள். மாடம் இருக்கிற சுவரும், அதன் முன்னால் நாலு பேர் நின்று கும்பிடுகிற இடமும் விற்பனையில் சேராது என்று நான் கறாராகச் சொல்லிவிட்டேன். அதை மட்டும் விட்டுப் பத்திரம் எழுதினார்கள்.

எழுதுவதற்குள் நான் பட்ட பாடு தனி. குமாருக்கு அதிகாரம் கொடுத்து நான் ஒரு பத்திரம் அனுப்ப வேண்டும். ஊர்ப் பத்திரத்தில் நான் 'வே. தமிழ்ச்செல்வி'. பாஸ்போர்ட்டில் 'தமிழ்ச்செல்வி வேலுச்சாமி'. இரண்டும் ஒரே ஆள்தானா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். இங்கே என்னை 'மிஸ் வேலுச்சாமி' என்றுதான் கூப்பிடுகிறார்கள். என் பலகைகளிலும் அப்பா பெயர்தான் கொட்டை எழுத்தில் இருக்கிறது. ஊரில் யாரும் வாயால் சொல்லாத பெயர், சார்லட்டில் தெருத் தெருவாக நிற்கிறது. பெயர்க் குழப்பத்தில் ஒரு கையெழுத்துக்காக இரண்டு முறை அலைந்தபோதுகூட அதை நினைத்துச் சிரிப்புதான் வந்தது.

சார்லட் பிள்ளையாருக்கும் ஒரு வழி பிறந்தது. சங்கக் கூட்டத்துக்கு மதி என்னோடு வந்தாள். டாரதி அம்மாளும் வந்தார். "அந்தச் சாமியை எடுத்தால் என் வாத்தையும் எடுங்கள்" என்று எழுந்து நின்றுவிட்டார். சங்கத்துக்காரர்கள் முகம் சிவந்து, கூடிப் பேசி, பிள்ளையார் இருக்கலாம், ஆனால் சாலையிலிருந்து தெரியக் கூடாது என்று தீர்ப்பு சொன்னார்கள். முன்னால் அசேலியா என்கிற ஒரு பூச்செடியை வைத்து மறைத்தோம். எனக்கு மனசே இல்லை. தெருவைப் பார்க்க வைத்தவருக்கு இலையைக் காட்டி என்ன பயன்?

ஒரு வாரம் கழித்து, கல்லூரிக்குத் திரும்பும் அவசரத்தில் மதி கத்திரியோடு செடிக்கு முன் குனிந்திருந்தாள். நடுவில் உள்ளங்கை அளவுக்கு இலையை நறுக்கி ஒரு ஓட்டை போட்டிருந்தாள்.

"ரோட்ல இருந்து நமக்குத் தெரியாதும்மா. அவருக்கு ரோடு தெரியும்" என்றாள்.

6

தை மாதம் ஊருக்குப் போனபோது வீட்டை இடித்து முடித்திருந்தார்கள். குமார் ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் புது வீட்டுக்குப் பால் காய்ச்சிவிட்டான். கூரை ஒழுகாத வீட்டில் அவன் பிள்ளைகள் உருண்டு புரண்டு விளையாடியதைப் பார்த்தபோது என் மனம் ஆறிவிட்டது. பிறகு பழைய தெருவுக்குப் போனேன். ஜன்னல் இருந்த இடத்தில் வெறும் வானம். சுவர்த் துண்டு மட்டும் தனியாக நின்றது. ராமுலக்கா அதற்கு மஞ்சள் சுண்ணாம்பு அடித்திருந்தார். கீழே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். "அழுது முடிச்சிட்டு வாட்டி, காப்பி ஆறுது" என்று எதிர் வாசலிலிருந்து அவர் குரல் கொடுத்தார்.

இந்த வாரம் குமார் போனில் ஒரு படம் அனுப்பினான். அந்தப் புரோமோட்டர் அச்சடித்த விளம்பர நோட்டீஸ். மதி விடுமுறைக்கு வந்திருந்தாள். சின்ன வயதில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்த எழுத்துக்களை வைத்து, என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, எழுத்துக் கூட்ட ஆரம்பித்தாள். கட்டடத்தின் பெயரைத் தாண்டினாள். லிப்டைத் தாண்டினாள். முகவரிக்கு வந்தாள்.

"டை...ம்...கீப்...பர். டைம்கீப்பர் பிள்ளையார் கோவில் அருகில்." நிமிர்ந்தாள். "டைம்கீப்பரா? யாரும்மா அது?"

"உன் தாத்தா."

அவள் என் கையிலிருந்து போனை வாங்கி, மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். இம்முறை தடுமாறவில்லை.

படத்துக்குக் கீழே குமார் எழுதியிருந்தான்: "அக்கா, பாதிக்கு மேல புக் ஆயிருச்சாம். பிள்ளையாரப் பாத்த பிளாட்டுக்கு வெல கூடவாம்!"